லண்டனில் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை எப்படி இருக்கும்? பி.எட். முடித்தவர் அதற்குப் போகலாமா?

கேள்வி கேட்டவர் தன் நிலைமையைச் சொல்லியிருக்கிறார்: சென்னையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு வருடம் கணக்கு டீச்சர். பி.எட். உண்டு. கணவரின் வேலைக்காக லண்டன் வந்தாகிவிட்டது. இங்கே பள்ளியில் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறார். ஊரில் இருப்பவர்களோ "அது ஆயா வேலைதானே" என்கிறார்களாம். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். கிழக்கு லண்டனில் ஒரு ஆரம்பப் பள்ளியில் பல வருடங்களாக டி.ஏ.வாக, அதாவது வகுப்பு டீச்சருக்கு உதவும் டீச்சிங் அசிஸ்டன்டாக, இருக்கிறேன்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை இதில் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ரிசப்ஷன் வகுப்பில் நான்கு வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். கோட் ஜிப் போட்டுவிட வேண்டும். உடையை நனைத்துக்கொண்டால் பள்ளியின் விதிமுறைப்படி மாற்றிவிட வேண்டும். விளையாட்டு நேரத்தில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் கழுவி, புத்தகத்தில் குறித்து, பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். இதில் எதையும் நான் குறைவாக நினைக்கவில்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் ஆயாக்கள் செய்வதும் மதிப்பான வேலைதான். ஆனால் இந்த வேலையின் பெரும்பகுதி அது இல்லை. பெரும்பகுதி கற்பித்தல். அதிலும் வகுப்பில் யாருக்குக் கற்பது மிகக் கடினமோ அந்தப் பிள்ளையோடு செய்கிற கற்பித்தல்.

இங்கிலாந்துப் பள்ளிகளில் முழுநேரக் கணக்கில் 2.8 லட்சம் டி.ஏ.க்கள் வரை இருக்கிறார்கள். 2003இல் அரசும் பெரும்பாலான ஆசிரியர் சங்கங்களும் ஆசிரியர்களின் வேலைச்சுமையைக் குறைக்க ஓர் ஒப்பந்தம் போட்டன. அதற்குப் பிறகு எண்ணிக்கை வேகமாக ஏறியது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் பொதுப் பள்ளியிலேயே படிப்பது இன்னொரு காரணம். அவர்களில் கூடுதல் உதவி தேவைப்படுபவர்களுக்கு இ.எச்.சி. பிளான் என்று சட்டப்படியான ஒரு திட்டம் இருக்கும். 2014இல் வந்த சட்டத்தின்படி, பேச்சுப் பயிற்சி முதல் வகுப்பில் கிடைக்க வேண்டிய உதவி வரை அந்தப் பிள்ளைக்கு என்னென்ன வேண்டுமோ அதில் எழுதியிருக்கும். எழுதியதை நாள்தோறும் நடத்திக் காட்டுவது பெரும்பாலும் டி.ஏ.தான்.

நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் கணக்கிலேயே சொல்கிறேன். இயர் 2 வகுப்பு, ஆறேழு வயதுப் பிள்ளைகள், 43இல் 17 போக எவ்வளவு என்று பாடம். மேசையில் பத்துக் கட்டைகளும் ஒன்றுக் கட்டைகளும் கிடக்கின்றன. உங்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளை 3இலிருந்து 7 போகாது என்று பார்த்துவிட்டு நிற்கிறது. நம் கை பரபரக்கும். "பத்திலிருந்து ஒன்று கடன் வாங்கு" என்று சொல்லிவிட்டால் அரை நிமிடத்தில் 26 வந்துவிடும், நோட்டில் டிக் விழும். அந்தப் பரபரப்பை அடக்குவதுதான் இந்த வேலையின் உயிர்.

முதலில் சும்மா இருக்க வேண்டும். பிள்ளை யோசிக்கிறதா, பயந்து நிற்கிறதா என்று முகத்தைப் பார்த்தால் தெரியும். யோசித்தால் விட்டுவிடுங்கள். நகரவே இல்லை என்றால் "இப்போது என்ன செய்து பார்க்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஒரு சின்னத் துப்பு: "அந்தப் பத்துக் கட்டையை வேறு எப்படி வைக்கலாம்?" அதுவும் போதாதபோது 52இலிருந்து 18 என்று வேறொரு கணக்கைப் போட்டு, ஒரு பத்தைக் கொடுத்துப் பத்து ஒன்றுகளை வாங்குவதை நீங்களே செய்து காட்டிவிட்டு, அதன் கணக்கை அதனிடமே திருப்பிக் கொடுங்கள். விடையைச் சொல்லித் திருத்துவது எல்லாம் தீர்ந்த பிறகு. இந்த வரிசையை இங்கே பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். சொல்வது சுலபம், முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், டீச்சர் அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போது செய்வது சுலபமே இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2003 முதல் 2009 வரை லண்டன் கல்வியியல் நிறுவனத்தில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு தலைமையில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் முன்னேற்றத்தைப் பார்த்தார்கள். டி.ஏ. உதவி அதிகம் கிடைத்த பிள்ளைகள், அதே மாதிரி நிலையில் இருந்து உதவி குறைவாகக் கிடைத்த பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஆனால் அந்த ஆய்வாளர்களே காரணத்தையும் தெளிவாகச் சொன்னார்கள்: குறை டி.ஏ.க்களிடம் இல்லை, அவர்களைப் பயன்படுத்திய விதத்தில். மிகவும் சிரமப்படும் பிள்ளையை டி.ஏ.விடம் ஒப்படைத்துவிட்டால், தகுதிபெற்ற ஆசிரியர் அந்தப் பிள்ளையோடு பேசுவதே குறைந்துபோகிறது. பாடத்துக்கு முன் ஆசிரியரோடு உட்கார்ந்து பேச டி.ஏ.வுக்கு நேரமே கிடைப்பதில்லை. அதனால் வேலையை முடிக்க வைப்பதில் கவனம் போகிறது, விடையும் வாயில் வந்துவிடுகிறது.

மறுபக்கமும் இருக்கிறது. பயிற்சி பெற்ற டி.ஏ. சின்னக் குழுவாக வைத்து, வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து முறை, சுமார் அரைமணி நேரம், சில மாதங்களுக்கு ஒரு திட்டமான பாடத்தை நடத்தினால் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறுகிறார்கள். கல்வி அறக்கட்டளை ஒன்று 2015இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொன்னது. ஆளும் வேலையும் அதே, எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம். ஆயா வேலை என்று சொல்பவர்களுக்கு இதைவிடப் பதில் என்னிடம் இல்லை.

ஃபோனிக்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரிலிருந்து வரும் டீச்சர்கள் முதலில் திணறுவது இதில். இங்கே சின்ன வகுப்பில் எழுத்தின் பெயரைச் சொல்லித் தருவதில்லை, ஒலியைச் சொல்லித் தருகிறார்கள். 'எஸ்' இல்லை, 'ஸ்ஸ்'. 'எம்' இல்லை, 'ம்ம்'. பின்னால் ஓர் 'அ' ஒட்டிக்கொள்ளக் கூடாது. 'ம-அ-ட' என்று படித்தால் பிள்ளையால் 'மேட்' என்று சேர்க்க முடியாது. தமிழ் படித்த நமக்கு இது கைவந்த விஷயம், புள்ளி வைத்த மெய்யெழுத்தை நினைத்துக்கொண்டால் போதும். 2012 முதல் இயர் 1 பிள்ளைகளுக்கு ஜூனில் ஃபோனிக்ஸ் சோதனை நடக்கிறது. 40 சொற்கள், அதில் 20 அர்த்தமே இல்லாத சொற்கள். மனப்பாடம் செய்யாமல் ஒலிகளைச் சேர்த்துத்தான் படிக்கிறதா என்று பார்க்க அப்படி வைத்திருக்கிறார்கள். மே மாதம் முழுக்க என் மேசையைச் சுற்றி இந்தப் பயிற்சிதான்.

உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கங்களில் தமிழ் பேசும் வீடுகள் நிறைய. புதிதாகச் சேர்ந்த பிள்ளை மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கும். புது மொழிக்குள் வரும் பல பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மௌன காலம் இருப்பது சகஜம். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "வீட்டில வடிவாக் கதைக்கிறான் மிஸ், இஞ்சதான் வாயே திறக்கிறானில்லை. இனி வீட்டிலயும் இங்கிலீஷிலயே கதைக்கவோ?" என்று கேட்டார். "வேண்டாம் அக்கா, தமிழிலேயே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள்" என்றேன். வகுப்பு டீச்சரும் அதையேதான் சொன்னார். முதல் மொழி பலமாக இருந்தால் இரண்டாவது அதன்மேல் நிற்கும். ஆனால் ஓர் எல்லை உண்டு. மருத்துவமோ பாதுகாப்போ சம்பந்தப்பட்ட பேச்சு என்றால் முறையான மொழிபெயர்ப்பாளரைப் பள்ளி ஏற்பாடு செய்யட்டும், நீங்கள் நடுவில் நிற்க வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்தில் இங்கே மிகக் கண்டிப்பு. வேலைக்குச் சேருமுன் டி.பி.எஸ். சோதனை, அதாவது குற்றப் பின்னணி ஏதும் உண்டா என்று பார்க்கும் அரசுச் சோதனை நடக்கும், முன்பு வாழ்ந்த நாட்டின் போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். ஒரு பிள்ளை வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொன்னால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, துருவிக் கேட்கவும் கூடாது. அது சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே கொடுத்துவிட வேண்டும். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பமாக இருந்தாலும் அதேதான். கோயிலில் அந்த அம்மாவைப் பார்ப்போமே என்ற தயக்கம் வரும். வந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இனி சம்பளம். குறைவு. விளம்பரத்தில் 25,000 பவுண்டு என்று போட்டிருந்தால் அது முழுநேர, முழு வருடக் கணக்கு. பக்கத்தில் 'ப்ரோ ரேட்டா' என்று இருக்கும், வேலை செய்யும் நேரத்துக்கு ஏற்ற பங்குதான் கிடைக்கும் என்று அர்த்தம். வாரம் 37 மணிக்குப் பதில் 30 மணி, வருடத்தில் விடுமுறைச் சம்பளத்தையும் சேர்த்து சுமார் 44 வாரம் என்று பிடித்தால், வரிக்கு முன்னாலேயே 17,000 பவுண்டு பக்கத்தில் வந்து நிற்கும். அதைப் பன்னிரண்டு மாதமாகப் பிரித்துத் தருவார்கள். ஏஜென்சி மூலம் போனால் வேலை சீக்கிரம் கிடைக்கும், அனுபவமும் வரும், ஆனால் பள்ளி திறந்திருக்கும் நாளுக்குத்தான் பெரும்பாலும் கூலி. ஆகஸ்ட் முழுக்கக் கையைக் கடிக்கும். சொந்தப் பிள்ளையின் பள்ளி நேரத்தோடு பொருந்துகிறது என்பதற்காகவே பல அம்மாக்கள் இந்தச் சம்பளத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு நுட்பமான வேலைக்கு இந்தச் சம்பளம் நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அதனால் உங்கள் விஷயத்தில் டி.ஏ. வேலை, டீச்சர் வேலை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 2023 முதல் இந்தியாவில் தகுதிபெற்ற ஆசிரியர்களும் இங்கே கியூ.டி.எஸ். என்ற ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடிகிறது. 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல் அல்லது மொழிப்பாடம் கற்பிக்கத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். நீங்கள் கணக்கு. இப்போதைய நிபந்தனைகளை அரசின் இணையதளத்தில் சரிபாருங்கள். அது நடக்கும் காலத்தில் டி.ஏ.வாக ஒரு வருடம் இருந்தால், இந்த ஊர் வகுப்பறை எப்படிப் பேசுகிறது, எதற்குச் சிரிக்கிறது, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைப் படம் போட்டு எப்படி வரிசைப்படுத்தித் தருவது எல்லாம் கைக்கு வரும். பிறகு டீச்சராகப் போனால் உங்கள் வகுப்பு டி.ஏ.வை எப்படி நடத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

செப்டம்பரில் சேர்வதற்கான விளம்பரங்கள் மே, ஜூனில் அதிகம் வரும். அதற்கு முன்னால் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கும் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள், பல பள்ளிகள் சேர்த்துக்கொள்ளும். விண்ணப்பத்தில் வெறும் பட்டங்களை எழுதாமல், சென்னையில் பின்தங்கிய ஒரு பிள்ளைக்கு என்ன செய்தீர்கள், அது எப்படி மாறியது என்று ஒன்றை விவரமாக எழுதுங்கள். நேர்காணலின் கடைசியில் உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா என்பார்கள். அப்போது இதைக் கேளுங்கள்: "பாடத்துக்கு முன் வகுப்பு டீச்சரோடு பேச டி.ஏ.வுக்கு, சம்பளத்தோடு, நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா?" ஆம் என்று சொல்லி எந்த நேரம் என்றும் சொல்கிற பள்ளி கிடைத்தால், வேறு இடத்தில் கொஞ்சம் கூடுதல் சம்பளம் கிடைத்தாலும் அந்தப் பள்ளியிலேயே சேருங்கள்.