நல்ல ஊழிய வாய்ப்பு வரும்போது ‘முடியாது’ என்று சொல்வது தவறா?

சபையில் பாடகர் குழு, ஞாயிறு பள்ளி இரண்டிலும் இருக்கிறேன், இப்போது வாலிபர் கூட்டத்தையும் நடத்தச் சொல்கிறார்கள், மறுத்தால் தேவனுக்கே மறுப்பதாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. இது எனக்குப் புரியவே பல வருஷம் பிடித்தது.

ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் பாடத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மனன வசனம் ஒப்பிக்கக் காத்திருந்த என் மகள், தாளைப் பிடித்தபடியே நாற்காலியில் தூங்கிப்போயிருந்தாள். அந்த வசனத்தை வகுப்புக்குக் கொடுத்தவளே நான்தான். மற்றப் பிள்ளைகள் எல்லாரிடமும் கேட்பேன், இவளிடம் கேட்க மட்டும் நேரமில்லை. அன்று ரொம்ப அழுதேன்.

அதற்குப் பிறகு வேதாகமத்தில் மாற்கு சுவிசேஷம் 1ஆம் அதிகாரத்தை வேறு கண்ணோடு வாசித்தேன். கப்பர்நகூம் என்ற ஊரில் முந்தின சாயங்காலம் பட்டணமே நோயாளிகளோடு, இயேசு இருந்த வீட்டு வாசலில் கூடியிருந்தது. இயேசுவோ இருட்டோடே எழுந்து, தனியே ஜெபிக்கப் போய்விட்டார். “உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்” என்று சீஷனான சீமோன் வந்து நிற்கிறார். தேடியவர்களின் தேவை பொய்யில்லை. ஆனாலும் அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார் இயேசு. “இதற்காகவே புறப்பட்டுவந்தேன்” என்கிறார். ஜெபித்து முடித்த இடத்திலேயே அந்தத் தெளிவு இருந்தது. நானோ ஜெபிக்கும் நேரத்தைத்தான் முதலில் வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஆதி சபையைப் பற்றிச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரமும் அப்படித்தான். விதவைகளுக்கு அன்றாடம் பந்தி விசாரிப்பதை, அதாவது சாப்பாடு கொடுப்பதை, நல்ல வேலையல்ல என்று யார் சொல்ல முடியும்? அப்போஸ்தலர் பன்னிருவரும் அதைத் தாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை, கைவிடவும் இல்லை. சபையார் தெரிந்தெடுத்த ஏழு பேரிடம் அதை ஒப்படைத்தார்கள். ஸ்தேவானும் பிலிப்பும் அந்த ஏழு பேரில் இருந்தவர்கள்.

மறுக்கும்போது ஒன்றில் மட்டும் கவனமாயிருங்கள். மனதில் ‘முடியாது’ என்று முடிவு செய்துவிட்டு, “ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று நாளைக் கடத்தாதீர்கள். நான் அப்படிப் பலமுறை செய்தேன். அது ஜெபத்தைச் சாக்காக்குவது, காத்திருப்பவருக்கும் கஷ்டம். “ஐயா, இந்த வருஷம் பாடகர் குழுவும் ஞாயிறு பள்ளியும் மட்டும் செய்கிறேன், இதை என்னால் எடுக்க முடியாது” என்று அன்றே சொல்லிவிடுங்கள். காரணங்களை அடுக்கவும் வேண்டாம்.

எங்கள் சபையில் வாலிபர் வேதபாடத்தை நான் விட்டபோது இரண்டு வாரம் அது நடக்கவே இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம், எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு தம்பி எழுந்து, “அக்கா, நான் எடுக்கட்டுமா?” என்று கேட்டான்.