டி.ஜே. ஸ்டென்ட்: கீழ்ச்சுருள் எங்கே கிடக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 43. இடது பக்கச் சிறுநீர்க்குழாயில் இருந்த கல்லை லேசரால் உடைத்து எடுத்த பின், சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காக டி.ஜே. ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை அதற்குள் வைத்திருக்கிறார்கள். பத்து நாள்களாக அரை மணிக்கு ஒருமுறை கழிவறைக்கு ஓடுகிறேன். பைக்கில் வேகத்தடை ஏறி இறங்கினால் அன்றைக்குச் சிறுநீர் சிவந்து போகிறது. இதே குழாயை வைத்துக்கொண்ட என் மைத்துனர் மூன்றாம் நாளே கடையைத் திறந்துவிட்டார். எக்ஸ்ரேயில் என் குழாயின் கீழ்ச்சுருள் வலது பக்கம் வரை வந்திருப்பது தெரிகிறது. தவறாக வைத்துவிட்டார்களா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தவறு என்று அந்தப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது, ஆனாலும் நீங்கள் சரியான இடத்தைத்தான் கவனித்திருக்கிறீர்கள். இந்தக் குழாயின் மேல்முனை சிறுநீரகத்துக்குள்ளும் கீழ்முனை சிறுநீர்ப்பைக்குள்ளும் சுருண்டு கிடக்கும். வளைவில்லாத பழைய குழாய்கள் இடம்விட்டு நழுவியதால்தான், 1978-இல் இரு முனையும் J எழுத்துப்போல் வளைந்த இந்த ‘டபுள் ஜே’ (டி.ஜே.) வடிவம் வந்தது. நழுவாமல் பிடித்துக்கொள்ளும் அந்தக் கீழ்ச்சுருளே உறுத்தலுக்கும் காரணமாகிறது என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

சிறுநீர்ப்பையின் அடியில், இரண்டு சிறுநீர்க்குழாய்களும் வந்து திறக்கும் இடங்களுக்கும் சிறுநீர் வெளியேறும் வாய்க்கும் இடையே ஒரு முக்கோணப் பகுதி உண்டு. பையிலேயே உணர்ச்சி மிகுந்த இடம் அது. உங்கள் எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் நடுவிலிருந்து இடுப்பெலும்பு முன்புறம் இணையும் இடம் வரை ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இடது பக்கக் குழாயின் சுருள் அந்தக் கோட்டைத் தாண்டினால், முக்கோணப் பகுதியின் மேல் குறுக்கே கிடந்து உரசுகிறது என்று கொள்ளலாம். பை நிறையாதபோதே நிறைந்ததுபோன்ற அவசரம் எழுவது இதனால்தான். மூச்சு விடும்போது சிறுநீரகம் ஏறி இறங்குகிறது, உட்கார்ந்து எழும்போது குழாயும் சற்று நகர்கிறது. வேகத்தடைக்குப் பிறகு தெரியும் சிவப்பு அந்த உரசலின் அடையாளமே.

பெரியவர்களுக்கு வழக்கமாக 22 முதல் 28 செ.மீ. வரை நீளமுள்ள குழாய்களை வைக்கிறார்கள். பருமன் ஏறக்குறைய 2 மி.மீ. நீளம் கூடினால் பைக்குள் மிச்சம் சேர்ந்து கோட்டைத் தாண்டும். குறைந்தாலோ, கீழ்முனை சரியாகச் சுருளாமல் மேலே இழுபட்டுச் சிறுநீர்க்குழாய்க்குள் போய்விடக்கூடும். அதை எடுப்பது பெரிய வேலை. ஆகவே சற்று நீளமாக வைப்பதை அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன்.

மைத்துனரோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் வரை ஏதோவொரு தொந்தரவைச் சொல்கிறார்கள். படத்தில் அச்சுப்போல் சரியாக அமைந்த குழாயோடு துடிப்பவர்களும் அவர்களில் உண்டு. குழாயின் இருப்பிடம் ஒரு காரணம்தான், முழுக் காரணமன்று.

சில நாள்களில் எடுக்கப்போகும் குழாயை இதற்காக மாற்றி வைப்பது அரிது. டாம்சுலோசின், சோலிஃபெனாசின், மிராபெக்ரான் போன்ற மருந்துகள் பலருக்கு உறுத்தலைத் தணிக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வாழைத்தண்டுச் சாறு உரசலைப் போக்காது. பைக்கைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: என் மனைவிக்குச் சிறுநீர் கழிக்கும்போது மட்டும் விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் சுருக்கென்று வலிக்கிறது. ஸ்டென்ட் மேலே ஏறிவிட்டதா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. பையிலிருந்து சிறுநீர் மேலே திரும்பாமல் தடுக்கும் இயற்கையான அமைப்பை ஸ்டென்ட் திறந்தே வைத்திருக்கிறது. அதனால் பை சுருங்கும்போது சிறுநீரின் ஒரு பகுதி குழாய் வழியே சிறுநீரகத்துக்கு ஏறி, அங்கே அழுத்தம் கூடுகிறது. நெடுநேரம் அடக்காமலும் முக்காமலும் சிறுநீர் கழித்தால் இந்த வலி குறையும். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், கட்டி கட்டியாக இரத்தம், சிறுநீர் அடைப்பு, விடாத வலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி அடங்கிவிட்டதென்று குழாயை எடுக்கும் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மாதக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே கல் படியும்.