மஞ்சளாக இருந்தும் மாம்பழம் புளிப்பது ஏன்?

சித்திரைத் திருவிழாவுக்கு வந்த விருந்தாளிகளுக்காக மாட்டுத்தாவணியில் பங்கனப்பள்ளி வாங்கினேன். தோல் நல்ல மஞ்சள். அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளை, ஒரே புளிப்பு. எதைப் பார்த்து வாங்குவது? – வாசகி, வில்லாபுரம்

நிறத்தை நம்பாதீர்கள் அம்மா. மாங்காய் மரத்தில் முற்றும்போதுதான் மாவுச்சத்து சேர்கிறது. பழுக்கும்போது சர்க்கரையாவது அந்த மாவுதான். இளசாகப் பறித்த காயை எப்படிப் பழுக்க வைத்தாலும் தோல் மட்டுமே மஞ்சளாகும்.

முதலில் காம்படியைப் பாருங்கள். முற்றிய காயில் காம்பு குழிக்குள் இறங்கி, இரண்டு தோளும் எழும்பி நிற்கும். அப்புறம் அங்கேயே முகர்ந்து பாருங்கள். வாசனை வராத பழம் வேண்டாம். கையில் கனக்க வேண்டும். வீட்டில் வாளித் தண்ணீரில் போட்டால் முற்றியது மூழ்கும், இளசு மிதக்கும்.

வண்டிக்கார அம்மாவைத் திட்டிப் பயனில்லை. பூப்பிடிக்கும்போதே தோப்பைக் குத்தகைக்கு எடுக்கும் வியாபாரி, விலை இறங்குவதற்குள் முற்றியது, பிஞ்சு என்று பார்க்காமல் ஒரே தடவையில் இறக்கிவிடுகிறார். அப்புறம் குடோனில் சீக்கிரம் பழுக்க கார்பைடு கல் வைக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலேயே தடை இருக்கிறது. ஆனாலும் கோடை வந்தால் சோதனை, பறிமுதல், பத்திரிகையில் படம், அதோடு சரி. காயை அவசரமாகப் பறித்தவரை யார் கேட்கிறார்கள்? பழுக்க வைக்க அனுமதியுள்ள எத்திலீன் வாயுவில் வைத்தாலும் பிஞ்சு இனிக்காது.

இமாம்பசந்துக்கு மட்டும் கணக்கு வேறு. அது நன்றாகப் பழுத்த பிறகும் பச்சையாகவே தெரியும். காம்படியில் லேசாக மஞ்சள் ஓடினால் உண்டு. 'இன்னும் காய்தான்' என்று நினைத்து வைத்திருந்து அழுகவிட்டவர்கள் நிறையப் பேர். அதை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். லேசாக நெகிழ்ந்து, வாசனையும் வந்தால் அன்றைக்கே அறுத்துவிடுங்கள். முழுக்க மஞ்சளான இமாம்பசந்தை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

அடுத்த முறை வைகாசி வரைக்கும் பொறுங்கள். நத்தம், அழகர்கோவில் பக்கத்துக் காய் நன்றாக வரும். முற்றிய காயாகக் கேட்டு வாங்கி, வைக்கோலிலோ காகிதத்திலோ பரப்பி வையுங்கள். நாலைந்து நாளில் வீடே மணக்கும். அதுவரை ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். குளிரில் காய் பழுக்காமலே கெட்டுவிடும்.