மாரடைப்பு: முதல் மணி நேரத்தில் என்ன செய்வது? (கேள்வி பதில்)

கேள்வி: வந்திருப்பது வாயுப் பிடிப்பா, மாரடைப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வீட்டில் வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. நடு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தது போல அழுத்தி, தோளுக்கோ தாடைக்கோ வலி பரவி, வியர்த்துக் கொட்டினால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலாக மட்டும் வரலாம்.

கேள்வி: ஆம்புலன்ஸ் வரும்வரை ஆஸ்பிரின் தரலாமா?

பதில்: ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு 300 மி.கி. தரலாம். மென்று விழுங்கச் சொல்லுங்கள், அப்போதுதான் சீக்கிரம் வேலை செய்யும். நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையை மட்டும் யாரிடமோ வாங்கிப் போடாதீர்கள். ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தால் ஆள் சாய்ந்துவிடுவார்.

கேள்வி: ஈசிஜி நார்மல் என்றார்கள். கிளம்பலாமா?

பதில்: வேண்டாம். முதல் ஈசிஜியில் தெரியாதது அடுத்ததில் தெரியலாம். இதயத் தசை பாதிக்கப்படும்போது வெளியாகும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறவும் சில மணி நேரம் ஆகும்.

கேள்வி: ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியா, அடைப்பைப் பலூனால் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியா? எது நல்லது?

பதில்: இதயத்தின் ரத்தக் குழாய் முழுக்க அடைத்திருந்தால், நேரத்துக்குள் செய்ய முடிகிற பட்சத்தில் ஆஞ்சியோபிளாஸ்டிதான். ஈசிஜியில் உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் அது நடக்காது என்று தெரிந்தால், காத்திருக்காமல் ஊசியைப் போட்டுவிட வேண்டும். வலி தொடங்கி 12 மணி நேரம் வரை போடலாம் என்றாலும், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் அது நன்றாகக் கரைக்கும். அண்மையில் பக்கவாதமோ, எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவோ வந்தவருக்குப் போட மாட்டோம். ஊசி போட்ட பிறகும் ஆஞ்சியோ வசதியுள்ள இடத்துக்கு மாற்றியே ஆக வேண்டும்.

ஆஞ்சியோபிளாஸ்டி பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகத்தான். மயக்க மருந்து கிடையாது, நோயாளி எங்களோடு பேசிக்கொண்டிருப்பார். சாயத்தைச் செலுத்தினால் திரையில் குழாய் பாதியில் முறிந்த கிளை போல நிற்கும். முடி போன்ற கம்பியை அடைப்புக்குள் நுழைத்து, பலூனை விரித்து, ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்ததும் சாயம் நுனிவரை ஓடும். அந்த நொடியில் பலர் “இப்ப வலி விட்டுடுச்சு” என்பார்கள். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காத சொல் அது.

கேள்வி: சம்மதக் கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நோயாளி மேசையில் படுத்திருக்க, வெளியே மகன் ஒவ்வொரு உறவினராக அழைத்துக் கேட்டு அரை மணி நேரம் போனதைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் போகாத இதயத் தசை அவ்வளவு நேரமும் செத்துக்கொண்டே இருக்கும், திரும்ப வளராது. சந்தேகமிருந்தால் எதிரில் நிற்கும் மருத்துவரிடமே கேளுங்கள், இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். உறவினர்களுக்கு அப்புறம் போன் செய்யலாம்.