ஏற்காடு ஹோம்ஸ்டேவுக்கு என்கிரிப்ஷன் சான்றிதழ் வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். தங்க வருகிறவர்கள் ஆதார் போட்டோவை எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார்கள். புதுத் தரவுச் சட்டத்தில் 250 கோடி அபராதம், உடனே பதிவு செய்து என்கிரிப்ஷன் சான்றிதழ் வாங்குங்கள் என்று சேலத்து கன்சல்டன்ட் ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். வாட்ஸ்அப்பில் எல்லாமே என்கிரிப்ட் ஆகிறதே, போதாதா? போலீஸ் போனைத் திறக்கச் சொன்னால் என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் அந்த 18,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், அறை வாடகைக்கு விடுகிறவர் எங்கேயும் போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஒப்புதல் மேலாளர் என்று ஒரு வகை நிறுவனம் உண்டு, தரவைப் பயன்படுத்த மக்கள் தரும் ஒப்புதலைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் நடுவில் நின்று உதவுவது அதன் வேலை, பதிவு அவர்களுக்குத்தான். அந்த ஒரு வரியை எடுத்து எல்லோருக்கும் பொருந்தும் என்று விற்கிறார்கள். என்கிரிப்ஷன், அதாவது தகவலைப் பூட்டிவைப்பது, அதற்கென்று சான்றிதழ் என்ற ஒன்று இந்தச் சட்டத்தில் இல்லவே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். தணிக்கை செய்கிறேன் என்று உங்கள் பதிவேட்டையும் லேப்டாப்பையும் கேட்பார்கள், பென்டிரைவைச் செருகுவார்கள். விருந்தினர் ஆதாரெல்லாம் அப்போதே வெளியே போய்விடும், அதற்குப் பொறுப்பு நீங்கள்தான்.

250 கோடி என்பது பொய் இல்லை. தகுந்த பாதுகாப்பு எடுக்காமல் தரவு கசிந்தால் விதிக்கக்கூடிய அதிகபட்சத் தொகை அது. தவறின் தன்மை, எத்தனை முறை நடந்தது என்பதையெல்லாம் பார்த்துத்தான் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையை முடிவு செய்யும். ஆனால் மூன்று அறைக்காரருக்கும் கோடிப் பேர் தரவை வைத்திருக்கிற கம்பெனிக்கும் ஒரே உச்சவரம்பை எழுதிவைத்துவிட்டு, சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லாமல் விட்டால் புரோக்கர்கள் வராமல் என்ன செய்வார்கள்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017இல். இந்தச் சட்டத்துக்கான விதிகள் வந்தது 2025 நவம்பரில். உங்களைத் தொடும் முக்கியக் கடமைகள் 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருகின்றன, அதனால் பதற்றம் வேண்டாம்.

சரி, வாட்ஸ்அப். நடுவழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவதுதான் என்கிரிப்ஷன். உங்கள் போனுக்கு வந்ததும் பூட்டு திறந்துவிடும். அப்புறம் அது கேலரியில் கிடக்கிற சாதாரணப் படம். குரூப்பில் மேனேஜர், வாட்ச்மேன், டாக்ஸி டிரைவர் இருந்தால் அத்தனை பேர் போனிலும் அந்த ஆதார் இருக்கும், அதில் ஒருவர் போனை ரிப்பேர் கடையில் கொடுத்தாலே போதும். கூகுளில் சேமிக்கிற வாட்ஸ்அப் பேக்கப்புக்கும் என்கிரிப்ஷனைத் தனியாக நாமே செட்டிங்ஸில் ஆன் செய்ய வேண்டும். ஆகவே குரூப்பில் வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். அட்டையை நேரில் பார்த்து, பெயர், முகவரி, போன், ஆதாரின் கடைசி நான்கு எண் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். உங்கள் ஸ்டேஷனில் நகல் கட்டாயம் என்று சொல்லியிருந்தால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள், ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஹோட்டல்கள் ஆதார் நகல் வாங்கக் கூடாது என்று அறிவித்தது, இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இப்படிக் குழப்பினால் ஜனங்கள் எதைத்தான் நம்புவது?

போலீஸ் விஷயம். ஒரு விருந்தினரின் விவரம் வேண்டும் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவில் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி எழுத்தில் கேட்கலாம். கேட்டால் கொடுங்கள், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டிய தகவலைத் திறந்து காட்டு என்பது வேறு, அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவு. உத்தரவு மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளரிடமிருந்து, காரணத்தோடு எழுத்தில் வர வேண்டும். அப்படி வந்தபின் உதவ மறுத்தால் ஏழு வருடம் வரை சிறை, அதில் விளையாடாதீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அவசரம் என்று சொல்லித்தான் மிரட்டுவார்கள் என்பதால் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். தொலைதூரப் பகுதி, அல்லது களத்தில் நடக்கிற நடவடிக்கையின் காரணத்தால் முன்னனுமதி வாங்க முடியாத நிலை என்றால், தகவலைத் திறக்கும் வேலையைச் செயலாளர் உத்தரவு இல்லாமலே தொடங்கலாம். ஆனாலும் மாநில அளவில் ஐ.ஜி. பதவிக்குக் குறையாத அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். மூன்று வேலை நாளில் செயலாளருக்குத் தெரிவித்து, ஏழு வேலை நாளில் அவர் ஒப்புதலைப் பெற வேண்டும், கிடைக்காவிட்டால் நிறுத்திவிட வேண்டும். மலைமேல் இருக்கிறோம் என்பதற்காக வாசலில் நிற்கிற எஸ்.ஐ.யின் வாய்ச்சொல் ஐ.ஜி. ஒப்புதல் ஆகிவிடாது. வாக்குவாதம் வேண்டாம், எந்தப் பிரிவு, யார் உத்தரவு என்று எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள், அந்தத் தாளோடு சேலத்தில் உங்களுக்குத் தெரிந்த வக்கீலைப் பாருங்கள்.