ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்டர் தான் காசு வாங்குற கிளப்பைப் பத்தியே எழுதினா என்ன பிழை?

எழுதுறது பிழையில்ல, சொல்லாம எழுதுறதுதான் பிழை. கொழும்புல ஸ்போர்ட்ஸ் எழுதுற ஆக்கள் கொஞ்சப் பேர்தான், சம்பளமும் பெருசா இல்ல, அதால ஒராளே பேப்பருக்கும் எழுதி, ஒரு சங்கத்துக்கு மீடியா வேலையும் செஞ்சு, ஸ்பான்சர்ட காசில டூரும் போவார், பிறகு அந்த சங்கத்தில கணக்கு வழக்கில பிரச்சினை வந்தா அவர் எப்பிடி எழுதுவார் சொல்லுங்க? பொய் எழுதத் தேவையில்ல, சும்மா இருந்தாலே போதும். வராத செய்தியை வாசகர் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது!

2023 நவம்பர்ல அரசாங்கம் தலையிடுது எண்டு ஐசிசி ஸ்ரீலங்கா கிரிக்கெட் சபையை இடைநிறுத்தினது ஞாபகம் இருக்கும், 2024 ஜனவரில தான் தடையை எடுத்தாங்க, அந்தத் தடையால அண்டர் 19 உலகக் கிண்ணமும் தென்னாபிரிக்காவுக்குப் போச்சு. அந்த மாதிரி நேரத்தில விளையாட்டு அமைச்சர் பக்கமா, கிரிக்கெட் சபை பக்கமா எண்டு எழுதுறவர் எங்க காசு வாங்குறார் எண்டு தெரியாட்டி வாசிச்சு என்ன பிரயோசனம்.

ரோயல் தோமியன் மாதிரி பாடசாலை கிரிக்கெட் பிக் மேட்ச் எல்லாம் பழைய மாணவர்தான் எழுதுறது, அது பரவாயில்ல, பாசம் எழுத்திலயே தெரிஞ்சிடும். காசுதான் தெரியாது.

கட்டுரைக்குக் கீழ "இவர் இந்தச் சங்கத்தில வேலை செய்றார்" எண்டு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. பேப்பர்ல வந்த விஷயமெண்டா முதல்ல எடிட்டருக்கு எழுதுங்க, சரிவராட்டி 2003ல தொடங்கின பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு கொழும்புலயே இருக்கு.