சீட்டு எங்கம்மா?

கேள்வி: ரெண்டு வருஷம் வேற ஒருத்தியோட இருந்துட்டு வீட்டுக்காரர் இப்போ திரும்பி வந்திருக்கார். கடை போடணும், வளையல் 6 பவுனையும் குடுன்னு கேக்குறார். டிவில பூம்புகார் படம் ஓடினப்போ மாமியார் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, "பாத்தியா, கண்ணகி ஒரு வார்த்தை பேசல, அவளாவே கழட்டிக் குடுத்தா"ன்னாங்க. ஏற்கனவே என் ஆரம் அடகுல இருக்கு, சீட்டு அவர்கிட்டதான் இருக்கும்னு நெனைக்கிறேன். நான் கண்ணகி மாதிரி இருக்கணுமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: இருக்கும்னு நெனைக்கிறியா? நீ எழுதின நாலு பக்கத்தை நான்தான் சுருக்கிப் போட்டிருக்கேன், அதுல மூணு பக்கம் அந்தப் பொம்பளையோட புடவை, போன், சிரிப்பு, உங்க அப்பா போட்ட ஆரத்துக்கு ஒரே ஒரு வரி, அதுலயும் சீட்டு யார் கையில இருக்குன்னே தெரியல, நல்லா இருக்கும்மா!

மாமியார் பாத்தது 1964ல வந்த படம், எஸ்.எஸ்.ஆர். கோவலன், விஜயகுமாரி கண்ணகி, கலைஞர் வசனம். நல்ல படம்தான், ஆனா பாதியில எழுந்து போயிட்டாங்க போல. இளங்கோவடிகள் எழுதினதுல கோவலன் திரும்பி வந்தப்போ மலை மாதிரி இருந்த சொத்தைத் தொலைச்சிட்டேன், வெக்கமா இருக்குன்னு அவன் வாயாலயே சொல்றான், உன் ஆளு அப்படி ஏதாச்சும் சொன்னாரா? கண்ணகியும் ஊமை இல்ல, மதுரையில மாதரி வீட்ல சோறு போட்டுட்டு, "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்"னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா.

அதைவிட முக்கியம், ஜோடிச் சிலம்புல அவன் விக்க எடுத்துட்டுப் போனது ஒண்ணுதான். இன்னொண்ணு அவகிட்டயே இருந்துச்சு. பொற்கொல்லன் சொன்ன பொய்யை நம்பி ராஜா விசாரிக்காமலே கொல்லச் சொல்லிட்டான், அப்புறம் சபையில என் சிலம்புல மாணிக்கம்னு இவ சொல்ல, எங்களுதுல முத்துன்னு அவன் சொல்ல, கோவலன்கிட்ட பறிச்ச சிலம்பை அங்கயே உடைச்சா, தெறிச்சது மாணிக்கம். அப்பவும் கையில மத்த சிலம்பு இருந்ததாலதான் தைரியமா நிக்க முடிஞ்சுது. உனக்கு அந்த மத்த சிலம்பு சீட்டுதான், அதையும் விட்டுட்டு கண்ணகியா இருக்கணுமான்னு என்னைக் கேக்குற.

அடகு அவர் பேர்ல இருந்தா வட்டி கட்டலன்னு வர்ற நோட்டீசும் அவருக்குத்தான் போகும், ஆரம் ஏலத்துக்குப் போனாக்கூட உனக்குத் தெரியாது. நாளைக்குக் காலையிலயே சீட்டைக் கேளு. எந்தக் கடை, யார் பேரு, எத்தனை மாச வட்டி பாக்கின்னு பாரு. ஆரம் மீட்டு வர்ற வரைக்கும் வளையல் கை மாறக் கூடாது.

நான் பழைய ஆளு. வந்தவரை வாசல்லயே நிக்க வச்சு அனுப்புன்னு சொல்ல மாட்டேன், பொண்ணுக்கு அப்பன் வேணும், சோறு போடு. ஆனா அந்த நகை நாளைக்கு உன் பொண்ணுக்குப் போக வேண்டியது, அதைக் காப்பாத்துறது உன் கடமை, மாமியார் மூஞ்சி சுளிச்சா சுளிக்கட்டும்.

சீட்டு கிடைச்சதும் ஆரம் எத்தனை பவுன்னு எனக்கு ஒரு கார்டு போடு, நாலு பக்கத்துல அதையும் நீ எழுதல.